மீன் துண்டுக்குள்ளே கோதுமையா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பகுதியில் புதிதாக வந்திருக்கும் பெரிய ஸூப்பர் மார்க்கெட்டில், ஃப்ரீஸர் பெட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். சாமான் அடுக்குகிற பையன் இரண்டு தடவை வந்து, "என்னக்கா தேடறீங்க?" என்று கேட்டுவிட்டான். கண்ணாடிக் கதவைத் திறந்து திறந்து மூடியதில் விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. நான் தேடினது சின்ன சமாசாரம்தான். பொரித்துத் தின்கிற மாதிரி மீன் துண்டு வேண்டும்; அதில் கோதுமை இருக்கக் கூடாது. அவ்வளவே.

'மீனில் ஏதம்மா கோதுமை?' என்று சிரிக்கிறீர்களா சகோதரிகளே? மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். இந்தப் பக்கத்தில் வழக்கமாக வடாம், வற்றல், தையல் என்று எழுதுகிறவள் இன்றைக்கு டப்பா உணவைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. "கோதுமை ஒத்துக்கொள்ளாத என் பையனுக்குக் கடையில் விற்கும் மீன் ஃபிங்கர், இறால் உருண்டை இதெல்லாம் கொடுக்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சின்ன மகளுக்கு இப்போது 10 வயது ஓடுகிறது. ஏழு வயதில் அவளுக்கு எடுத்த பாவாடை இரண்டு தீபாவளிக்கு அளவு மாறாமல் பொருந்தியது. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் பானை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். முகத்தில் ரத்தமே கிடையாது. இரும்புச் சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. என் மாமியார் செவ்வாய்க்கிழமை தவறாமல் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ரத்தம் ஏறவே இல்லை. கடைசியில் ஒரு குழந்தை டாக்டர்தான், "எவ்வளவு இரும்பு கொடுத்தும் ஏறவில்லை என்றால் குடல் அதை உறிஞ்சவில்லை என்று அர்த்தம்" என்று சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் குழாய் விட்டுக் குடலில் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று தெரிந்தது.

பெயரைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிப் போயிற்று. டாக்டர் நிதானமாக விளக்கினார். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அறுந்து போகாமல் சேலை மாதிரி விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன் என்கிற புரதம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி இதிலெல்லாம் இருக்கிறது. நமக்கெல்லாம் அது ஒன்றும் செய்யாது. இந்த நோய் உள்ளவர்கள் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று நினைத்துத் தன் சிறுகுடலையே தாக்குமாம். குடலின் உள்சுவரில் பூந்துவாலையின் நூல் மாதிரி மெல்லிய நீட்சிகள் இருக்கும்; சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து மட்டமாகிவிட்டால் எதைத் தின்றும் உடம்பில் ஒட்டாது. மாத்திரை மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் குடல் தானே ஆறிவிடும்.

இதைக் கண்டுபிடித்த விதம் ஒரு கதை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஹாலந்து நாட்டில் பெரும் பஞ்சம். ரொட்டிக்கு வழியில்லை. ஊரே வாடுகிறபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்களாம்! போர் முடிந்து ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் கோதுமையின் மேல் ஏற்கெனவே சந்தேகமாகத்தான் இருந்தார். பஞ்சத்தில் பார்த்ததும் சேர்ந்து அது உறுதியானது. 1950ல் ஆராய்ச்சியாக எழுதி வைத்தார். பஞ்சத்திலும் ஒரு நன்மை பாருங்கள். எந்த ஊர்த் தாயோ, தன் பிள்ளை ஏன் தேறுகிறது என்று தெரியாமலே சந்தோஷப்பட்டிருப்பாள்.

சரி, கோதுமைதானே, நாம் சோறு தின்கிற ஜனம், நமக்கென்ன கஷ்டம் என்று நினைத்தேன். சப்பாத்தியை நிறுத்தினேன். உப்புமா, பிஸ்கட், பிரெட், பள்ளிக்கூடத்துக்குப் போகும்முன் பாலில் கலக்கிக் கொடுத்த மால்ட் பவுடர் (அதில் கோதுமையும் பார்லியும்தான் முக்கியச் சரக்கு) எல்லாவற்றையும் நிறுத்தினேன். இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி, சோறு, மீன் குழம்பு. ஒரு மாதத்தில் வயிறு வடிந்தது, முகம் தெளிந்தது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வயிற்று வலி மட்டும் விடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது, குறைந்திருக்க வேண்டிய அளவு குறையவில்லை. "எங்கேயோ ஒரு வழியில் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்றார் டாக்டர்.

அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினேன். எதில் இருந்தது தெரியுமா? பெருங்காயத்தில்!

ஆமாம், நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அதே பெருங்காய டப்பா. அசல் பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடிகிற பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. அதன் காரமும் வாடையும் தாங்க முடியாது என்பதால் மாவும் கோந்தும் கலந்துதான் இங்கே கூட்டுப் பெருங்காயம் என்று விற்கிறார்கள். அந்த மாவு அநேகமாக மைதா. தூளானாலும் கட்டியானாலும் இதே கதைதான். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டும் இருந்தது. இத்தனை வருஷமாகக் கையில் எடுத்துப் புழங்கியவள் ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தேனா? ஆறு மாதம், ரசத்திலும் சாம்பாரிலும் கூட்டிலும், 'வயிற்றுக்கு நல்லது' என்று சொல்லி நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். வயிறு வலிக்கிறது என்று அவள் அழுத அன்றைக்கெல்லாம் மோரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடுதலாகக் கலந்து கொடுத்தது இந்தக் கைதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. இப்போது அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்குகிறேன். கிடைக்காத மாதம் பூண்டோடு சரி.

அன்றிலிருந்துதான் எந்தப் பாக்கெட்டையும் முன்பக்கம் பார்த்து வாங்குவதில்லை என்று ஒரு வழக்கம் வந்தது. என் பத்தாங் கிளாஸ் இங்கிலீஷுக்கு முதலில் திண்டாட்டமாக இருந்தது. இவருடைய படிக்கிற கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். பத்துப் பதினைந்து வார்த்தை பழகிவிட்டால் போதும், அப்புறம் கண்ணே பிடித்துக்கொள்ளும்.

இப்போது மீனுக்கு வருகிறேன். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி. மீனில்லாத நாள் எங்கள் வீட்டில் நாளே கிடையாது. மீன், இறால், நண்டு, கணவாய் எதிலும் இயற்கையில் குளூட்டன் கிடையாது. அதனால் மகளுக்கு என்ன குறைத்தாலும் மீனைக் குறைக்க வேண்டாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலிலும் ஒரு மண் விழுந்தது, மாடி வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளன்று.

அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டில் மீன் ஃபிங்கர் வைத்திருக்கிறார்கள். பொன் நிறமாக, மொறுமொறுவென்று, சாஸோடு. என் மகள், "எனக்குப் பசிக்கலை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பாயைப் போட்டுப் படுத்த பிறகு மெல்லக் கேட்டாள்: "அம்மா, மீன் நான் சாப்பிடலாம்தானே? அப்ப அந்த மீனை மட்டும் ஏன் சாப்பிடக் கூடாது?" கொஞ்ச நேரம் கழித்து, "என் பர்த்டேக்கு நம்ம வீட்ல அது செய்வியா? எல்லாரும் சாப்பிடறப்ப நானும் சாப்பிடணும்" என்றாள். அவள் பிறந்த நாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

அதற்காகத்தான் அந்த முக்கால் மணி நேரம்.

ஃப்ரீஸரில் இருந்த சரக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மீன் ஃபிங்கர், மீன் கட்லெட், இறால் பாப்கார்ன், கணவாய் வளையம் இவையெல்லாம் மேலே ரொட்டித்தூள். ரொட்டித்தூள் என்றால் மைதா. அதற்கு அடியில் ஒட்டுவதற்குத் தடவுகிற கரைசலிலும் மைதா. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத இடங்களைச் சொல்கிறேன். நண்டுக் குச்சி என்று சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று விற்கிறது. அதில் நண்டு இருப்பது அபூர்வம். அரைத்த மீன் சதையோடு மாவுச் சத்து, முட்டை வெள்ளை, வாசனைச் சரக்கு சேர்த்து நண்டு மாதிரி செய்வது. அந்த மாவுச் சத்து பெரும்பாலும் கோதுமையிலிருந்து வருவது. இன்னொன்று, மேல் பூச்சே இல்லாத மசாலா இறால். நல்லது என்று கூடையில் போட்டுவிட்டேன், அப்புறம் பார்த்தால் சோயா சாஸ் சேர்த்திருக்கிறது. சாதாரண சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் ஊற வைக்கிறார்கள். எடுத்து வைத்தேன். ஒரு பாக்கெட்டில் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'மைதா இல்லை' என்று போட்டிருந்தது. சந்தோஷமாகத் திருப்பினால் முழுக் கோதுமைத் தூள்! பொய் சொல்லவில்லைதான். ஆனால் அவசரத்தில் வாங்குகிற தாய் என்ன செய்வாள்?

'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால்தான் நம்பலாம். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, அப்படிப் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 'லோ குளூட்டன்' என்று ஒன்று உண்டு, அதில் 20 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். இரண்டும் ஒன்று மாதிரி காதில் விழும், சகோதரிகளே, ஏமாறாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது ஆகாது. அப்புறம், கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மாதிரி சிலருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் எது கலந்திருந்தாலும் அதைத் தனியாகப் போட வேண்டும் என்றும் 2020ம் வருஷ விதியில் இருக்கிறது. சரக்குப் பட்டியலுக்குக் கீழே 'கண்டெய்ன்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரி அது. நேரமில்லாதவர்கள் அந்த ஒரு வரியையாவது பாருங்கள்.

கடைசியில் மூன்று பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வந்த குளூட்டன் ஃப்ரீ மீன் ஃபிங்கர். கோதிரை குறுக்கே கோடு போட்ட வட்டமும் இருந்தது. அந்தச் சின்னப் பாக்கெட் விலைக்குச் சந்தையில் ஒரு கிலோ பாறை மீன் வாங்கி, மீதிக் காசில் ஆட்டோவிலும் வந்திருக்கலாம். உள்ளே எண்ணிப் பத்துத் துண்டு. மேலே அரிசி மாவும் சோள மாவும் சேர்த்த தூள். பாக்கெட்டில் சொன்ன மாதிரியே, உறைபனி விடுவதற்குள் நேராக எண்ணெயில் போட்டேன். (உறைந்த துண்டை வெளியே வைத்து இளக விட்டால் மேல் பூச்சு நீர் கோத்து எண்ணெயில் உதிர்ந்துவிடும், இது எந்த மீன் ஃபிங்கருக்கும் பொருந்தும்.) நிறம் வந்தது, சத்தமும் வந்தது. மகள் முதல் துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் மாமியார் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏளா, இதுல மீன் எங்க இருக்கு? மாவுதான் இருக்கு" என்றார்கள். அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்னால் படித்தால் மீன் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மற்றது பூச்சும் எண்ணெயும். ருசி மோசமில்லை. உப்பும் காரமும் நம் நாக்குக்குப் போதாது. எட்டுப் பிள்ளைகளுக்கு இதை வாங்கிப் பொரித்தால் இவர் சம்பளத்தில் ஒரு வாரம் போய்விடும்.

இரண்டாவது, நம் ஊர்த் தயாரிப்பு. அரிசிப் பூச்சு என்று போட்டிருந்தது. சரக்குப் பட்டியலில் கோதுமை இல்லை. ஆனால் கீழே, 'கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது' என்று ஒரு வரி. 'குளூட்டன் ஃப்ரீ' என்ற எழுத்து எங்கேயும் கிடையாது. கடையில் அந்த வரி என் கண்ணில் படவில்லை, வீட்டில்தான் பார்த்தேன். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பெரிய மகனும் அவன் அப்பாவும் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்ததாம். அவர்களுக்கும் அதைத் தனி வாணலியில், தனி எண்ணெயில்தான் பொரித்தேன். பூரி பொரித்த எண்ணெயில் இவளுக்கு மீன் பொரித்தால், இத்தனை பாக்கெட் படித்தும் பிரயோசனமில்லை. ஹோட்டலில் அப்பளம், வறுவல் எதுவும் இவளுக்கு வாங்கிக் கொடுக்காததற்கும் இதுதான் காரணம். அங்கே பஜ்ஜிக்கும் சமோசாவுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி.

மூன்றாவது, எதுவும் சேர்க்காமல் தோலுரித்து உறைய வைத்த வெறும் இறால். பட்டியலில் இறால், தண்ணீர், உப்பு, இறாலில் நீரைப் பிடித்து வைக்கிற ஒரு பாஸ்பேட் உப்பின் எண். கோதுமை இல்லை. இது எனக்குத் தெரிந்த சரக்கு. எங்கள் நாத்தனார் கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கப் போனவர். உறைந்த இறாலைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பனிப்பூச்சு பிடிக்க வைப்பார்களாம். காற்றுப் பட்டு இறால் காய்ந்து போகாமல் இருக்க. அது நல்லதற்குத்தான். ஆனால் பூச்சு கனத்தால் நாம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். பாக்கெட்டில் 'நெட் வெயிட்' என்று போட்டிருப்பது பனி நீக்கிய எடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைக் குலுக்கினால் இறால் தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனித்தூள் குவிந்திருந்தாலோ, நடுவில் எங்கேயோ கரண்ட் போய் இளகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு அது. எங்கள் கடைப் பையன் ராத்திரி ஃப்ரீஸரை நிறுத்துவதில்லை என்று சத்தியம் செய்தான். பாவம், அவனை நம்பினேன்.

அந்த இறாலும், சந்தையில் வாங்கின முள்ளில்லாத கொடுவாத் துண்டும்தான் கடைசியில் பிறந்த நாளுக்கு வழி காட்டின. நானே செய்துவிடுவது என்று இறங்கினேன்.

முதல் தடவை வெறும் அரிசி மாவில் புரட்டினேன். கல் மாதிரி ஆயிற்று. இவர் பல்லைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப மொறுமொறுன்னு இருக்கு" என்று நல்ல வார்த்தை சொன்னார். அதோடு இன்னொரு சந்தேகமும் வந்தது. அந்த மாவு மில்லில் அரைத்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா கோதுமை அரைத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். மெஷினில் ஒட்டியிருந்தது எங்கள் மாவில்தானே வந்திருக்கும்? அந்த மாவை அப்படியே கோலத்துக்கு வைத்துவிட்டேன். அதுமுதல் இவளுக்கு மட்டும் பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி மிக்ஸியில் அரைத்துச் சலித்து வைக்கிறேன்.

அடுத்து ஜவ்வரிசி வறுத்துப் பொடித்துப் பார்த்தேன், பிசுபிசுத்தது. வழி சொன்னது என் மாமியார்தான். சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், "ஏளா, அவலைப் பொடிச்சுப் பாரேன்" என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்ட அதே அத்தைதான். அவர்கள் வாயிலிருந்து இந்த நோய்க்காக வந்த முதல் யோசனை அது.

கெட்டி அவல் இரண்டு கை. மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். பக்கத்து ரவை மூட்டைக் கரண்டியையே இதிலும் போடுவார்கள். பாக்கெட் அவலே வாங்குங்கள், பின்பக்கம் பார்த்து. வெறும் வாணலியில் சூடு ஏறும்வரை புரட்டி, ஆறியதும் மிக்ஸியில் ஒரே சுற்று. குருணையாக இருக்க வேண்டும், மாவாகக் கூடாது. அரைக் கிலோ மீனை விரல் நீளம் நறுக்கி, உப்பு, மிளகுத்தூள், அரைத்த பூண்டு, எலுமிச்சைச் சாறு பிசிறிக் கால் மணி நேரம் வைக்கவும். பிறகு ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. சோள மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, அவல் குருணையில் அழுத்திப் புரட்டினால் ஆயிற்று. இறாலுக்கும் இதே கணக்கு, ஊற வேண்டியதில்லை. பாக்கெட் இறாலில் ஏற்கெனவே உப்பு உண்டு, நீங்கள் போட வேண்டாம். முன்பே உறைந்து வந்த இறாலை இளக்கிவிட்டுப் பூச்சுப் போட்டு மறுபடி ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. அதை அன்றே பொரித்துவிடுங்கள். புது மீனில் செய்ததை ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் வைத்து, கெட்டியானதும் டப்பாவில் அடுக்கி வைத்தால் மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கிறது. வேண்டும்போது நேரே எண்ணெயில். மிதமான தீ போதும், தீ அதிகமானால் அவல் கருகும், உள்ளே மீன் வேகாது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும் என்று இப்போது பலர் குளூட்டனை நிறுத்துகிறார்களாமே? எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு நாள் என்னிடம் லிஸ்ட் கேட்டு வந்தாள். சீலியாக் இல்லாதவர்களுக்கு இதனால் இளைப்பு வரும் என்று எங்கள் டாக்டர் சொல்லவில்லை. ஆனால் ஒன்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தைக்குச் சந்தேகமாக இருந்தால், கோதுமையைத் தானாக நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தத்தில் தெரியாமல் போய்விடும். கேட்டெழுதிய சகோதரிக்கும் இதையே முதலில் சொல்கிறேன்: உங்கள் பையனுக்குச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்களா, இல்லை நீங்களாக நிறுத்தினீர்களா? கோதுமை ஒவ்வாமை என்று வேறொன்றும் உண்டு, அதற்கு வைத்தியம் வேறு. டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துவிட்டு அப்புறம் மீன் ஃபிங்கருக்கு வாருங்கள்.

பிறந்த நாள் போன வெள்ளிக்கிழமை வந்தது. எட்டுப் பிள்ளைகள். கேக் கதை பெரிய கதை, இன்னொரு இதழில் எழுதுகிறேன். அன்றைக்கு வீட்டில் கோதுமை என்று ஒன்றுமே வைக்கவில்லை. பிரித்துப் பிரித்துப் பரிமாற என்னால் முடியாது. அத்தை முந்தின நாளே அதிரசம் சுட்டு வைத்திருந்தார்கள், அது பச்சரிசிதானே. மீன் ஃபிங்கரைச் சுடச்சுடப் போட்டுக்கொண்டே இருந்தேன். எந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாடி வீட்டுப் பிள்ளை, "ஆன்ட்டி, இது எந்தக் கடையில வாங்குனீங்க? எங்க வீட்ல வாங்குறதை விட நல்லாருக்கு" என்று கேட்டான். என் மகள் முந்திக்கொண்டு, "எங்க ஆச்சியோட கடை" என்றாள்.

அவள் ஏழு துண்டு சாப்பிட்டாள். எண்ணக் கூடாது என்று சொல்வார்கள், நான் எண்ணினேன். ஒரு பிள்ளை பரிசுப் பொட்டலத்தோடு ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் கொண்டுவந்திருந்தது. அதை வாங்கினதும் இவள் தாங்க்ஸ் சொல்லிவிட்டுச் சட்டென்று திருப்பிப் பின்பக்கம் வாசித்தாள். உதடு அசைய வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சரி என்பது போல. இவருடைய கண்ணாடி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு தட்டில் மூன்று துண்டு மீதி இருந்தது. மறுநாள் பள்ளிக்கூட டப்பாவில் வைக்கலாம் என்று மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் தட்டு காலி. பூனை வர வழியில்லை. அத்தையைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.